பார்த்தேன் என்று நான் சொன்னது

வேன் டியூட்டிக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று போன வாரம் ஹெச்.எம். மேடம் என்னைக் கேட்டார்கள். இந்த மாதத்தோடு நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். இரண்டாவது பிரசவம். அதற்கப்புறம் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. உங்கள் முன்னால் வந்து நின்று, பிள்ளைகளை எண்ணி ஏற்றுங்கள், எண்ணி இறக்குங்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எழுந்து நின்று சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருவேங்கடம் வழியில் வரும் நம் வேன் ஒரு மழைக்காலத்தில் ரோட்டை விட்டு இறங்கியது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு வேனில் இருந்த டீச்சர் நான்தான். என் மகள் நிலாவும் இருந்தாள். அப்போது யு.கே.ஜி. படித்தாள்.

இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. கரிசல் மண் ஊறிக் குழைந்து கிடந்தது. ஒரு வளைவு தாண்டியதும் குறுக்கே ஆட்டுமந்தை. டிரைவர் மாடசாமி அண்ணாச்சி வண்டியை ஒடித்தார். வேன் ரோட்டோரத்தை விட்டு இறங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து, காட்டின் வரப்பில் முட்டி நின்றது. கவிழவில்லை. அதுதான் நாங்கள் செய்த புண்ணியம். மூன்றாம் வகுப்பு பவித்ராவுக்கு முன்கை எலும்பு முறிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வீக்கம், சிராய்ப்பு. நான் நிலாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டேன். சேற்றில் என் செருப்பு இரண்டும் போயின. நான் அழுதேனா, அதட்டினேனா, எதுவும் நினைவில்லை. பவித்ராவின் கை வளைந்திருந்த விதம் மட்டும் நினைவிருக்கிறது.

இன்னொன்றும் நினைவிருந்தது. மாடசாமி அண்ணாச்சி வலது காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். வாய் பாதி திறந்திருக்கிறது. முகத்தில் வெயில் அடிக்கிறது. அடுத்த நொடி வண்டி இறங்குகிறது. அவர் மேல்சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து நூல் தொங்கியதைக்கூட என்னால் சொல்ல முடிந்தது.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, பவித்ராவின் அம்மா முத்துலட்சுமி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். தறிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

“டீச்சர், எப்படி டீச்சர் ஆச்சு? தெனம் போற ரோடுதான அது?”

“டிரைவர் போன் பேசிக்கிட்டே வந்தாரும்மா. நான் பாத்தேன். இன்னும் கண்ணு முன்னால நிக்கு” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதன் பிறகு அந்த ஒரு நாளில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தாளாளர் ஐயாவிடம், ஹெச்.எம். மேடத்திடம், என் கணவரிடம், போனில் என் அம்மாவிடம். ஒவ்வொரு தடவையும் “கண்ணு முன்னால நிக்கு” என்றே முடித்தேன். சொல்லச் சொல்ல அந்தக் காட்சி இன்னும் துலக்கமானது. சாயந்தரத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் அது சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் மாடசாமி அண்ணாச்சியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அதில் நான் எழுத்தில் ஒரு வாக்குமூலம் தர வேண்டும். அதைச் சேர்த்துத் தாளாளர் போலீஸில் புகார் கொடுப்பார். வேலை போகும், லைசென்ஸ் போகும், கேஸ் என்று வந்தால் உள்ளேயும் போகலாம். அவருக்குக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள்.

இதெல்லாம் அவருக்கு வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது. என் பிள்ளையும் அந்த வண்டியில் இருந்தாள் அல்லவா?

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா நிலாவைப் பார்க்க வந்தார். “என்ன மக்கா, ரொம்பப் பயந்துட்டியா?” என்று கேட்டதும், நிலா பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

“டிரைவர் மாமா போன் பேசுனாங்க. முகத்துல வெயில் அடிச்சுச்சு. சட்டையில பட்டன் இல்ல. கண்ணு முன்னால நிக்கு.”

அக்கா சிரித்துவிட்டார். “பாரேன், பெரிய மனுஷி கணக்கா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலா வேனில் என் மடியில் இருந்தாள். அவள் உயரத்துக்கு டிரைவர் சீட்டின் முதுகுதான் தெரியும். சட்டைப் பொத்தானை எப்படிப் பார்த்திருப்பாள்? வார்த்தைக்கு வார்த்தை அது என் பேச்சு. அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள்? எங்கள் குழந்தையும் பார்த்திருக்கிறாள், எங்கள் பையனும் சொல்கிறான் என்று குழுவில் வரிசையாக எழுதியிருந்தார்களே, அவர்கள் எதைப் பார்த்தார்கள்? நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சத்தமாகச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பரவாயில்லை, மற்றவர்கள் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்த்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது மறுநாள் காலை வரைதான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறி வாங்க என் கணவரோடு பைக்கில் போனேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே நின்றபோது அவருக்குப் போன் வந்தது. எடுத்துப் பேசினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

“யாருங்க?” என்றேன்.

அவர் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். நான் அவரையே பார்த்தேன். சட்டைக் காலர், காது மடல், தூக்கிய முழங்கை. அவ்வளவுதான் தெரிந்தது. போன்கூடத் தெரியவில்லை. கைக்குள் இருந்தது. அவர் சிரிக்கிறாரா, எரிச்சலாக இருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். “என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?”

“உங்க முகம் தெரியல.”

“பின்னால இருந்துக்கிட்டு முகம் தெரியலன்னா? என் முதுகுலயா மூஞ்சி இருக்கு?”

கேட் திறந்து எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. வேனில் டீச்சர் உட்காரும் இடம் டிரைவருக்கு நேர் பின்னால். என் நினைவில் நிற்கும் மாடசாமி அண்ணாச்சிக்கு முழு முகம் இருந்தது. வாய் இருந்தது. சட்டையின் முன்பக்கம் இருந்தது. நான் அவரை முன்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காய்கறி அப்புறம் வாங்கலாம். ஸ்கூலுக்குப் போங்க” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை அங்கன என்ன சோலி?” என்று முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

வேனைக் கழுவிப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் நசுங்கி, கண்ணாடி போயிருந்தது. உள்ளே யாரோ குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனதும் நிமிர்ந்தார். மாடசாமி அண்ணாச்சி. தன்னுடைய தூக்குச்சட்டியையும் துண்டையும் எடுத்துப்போக வந்திருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். என் கணவர் பள்ளிக்கூடக் கேட்டுக்குப் பக்கத்தில் பைக்கில் இருந்தார்.

“உள்ள ஏறிக்கிடட்டுமா அண்ணாச்சி? ஒரு நிமிஷம் என் சீட்ல உக்காரணும்.”

“இது என்ன எங்க அப்பன் வீட்டு வண்டியா டீச்சர்? ஏறுங்க.”

ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். “நீங்களும் உங்க சீட்ல உக்காருதியளா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சீட்டின் மேல் விளிம்பு, அதற்கு மேல் அவர் பிடரி, இரண்டு காது. ஒருவேளை கண்ணாடியில் பார்த்திருப்பேனோ என்று மேலே பார்த்தேன். உள்கண்ணாடியில் கடைசி வரிசைச் சீட்டுகள்தான் தெரிந்தன. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தேன். அவர் முகம் எங்கிருந்தும் கிடைக்கவில்லை. அப்போதுதான் வெயிலும் நினைவுக்கு வந்தது. காலையில் திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும்போது சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஓட்டுகிறவர் முகத்தில் அடிக்காது.

அவர் முகத்தில் வெயில் எப்போது அடித்திருக்கும்? வண்டி சாய்ந்த பிறகு. நான் கடைசியாகக் கீழே இறங்கியபோது, வேனுக்கு முன்னால் நின்று வேனைப் பார்த்தபடி அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன், நேருக்கு நேர். பொத்தான்கூடப் பிள்ளைகளைத் தூக்கும்போது அறுந்திருக்கலாம். அந்தக் காட்சி எப்படியோ என் நினைவில் விபத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்படியென்றால் அதற்கு முன்னால் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? எவ்வளவு யோசித்தும் ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஒரு எல்.கே.ஜி. பையன் வாந்தி எடுத்தான். மடியில் நிலாவோடு நான் ஒரு பக்கமாகக் குனிந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு பாலிதீன் பையை வாய்க்கு நேரே வைத்திருந்தேன். இந்த நினைவில் வெளிச்சமும் இல்லை, முகமும் இல்லை. ஒரு பிள்ளையின் சூடான உச்சந்தலை மட்டும் இருந்தது. யாரிடமும் இதை நான் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு ஆடு குறுக்க வரும்போது நீங்க போன் பேசுனீயளா?”

அவர் ஸ்டீயரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மொதல்ல இல்லன்னுதான் டீச்சர் சொன்னேன். எம் புள்ள மேல சத்தியமா இல்லன்னு சொன்னேன். எல்லாரும் பேசுனேன், பேசுனேங்காவ. நீங்க பாத்தேன்னு சொல்லுதீய, நீங்க என்ன பொய்யா சொல்லப் போறீய? எம் பொண்டாட்டி சொல்லுதா, நான் காலையில கூப்புட்டேன், எடுத்தீயள்லான்னு. எடுத்தேன், உள்ளதுதான். அது வண்டிய எடுக்கிறதுக்கு முந்தியா, ஓட்டும்போதா? போன்ல மணி காட்டுது. பள்ளிக்கூடத்துக்கு நான் போட்டது புள்ளைக எல்லாம் எறங்குன பொறவுல்லா. ஆடு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு ஆட்டுக்கா தெரியும்?” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “ரெண்டு நாளா கண்ண மூடுனா, கையில போன் இருக்க மாதிரியேதான் தெரியுது. எனக்கே இப்பம் நான் பேசுனேன்னுதான் தோணுது டீச்சர்.”

அவர் உண்மையை ஒத்துக்கொள்கிறாரா, அல்லது நான் சொன்னதை நிலா ஒப்பித்ததுபோல இவரும் ஒப்பிக்கிறாரா? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

அன்று இரவு என் கணவர் ஒன்று சொன்னார். “அவரே பேசுனேன்னு சொல்லுதாருன்னா, கையெழுத்தப் போட்டுட்டு வர வேண்டியதுதான? நீ எதுக்கு இழுத்து விட்டுக்கிடுத?” அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால், நீ எதற்கு அந்த வண்டியில் இருந்தாய் என்ற கேள்வி வரும். ஒருவேளை அவர் நிஜமாகவே பேசிக்கொண்டு வந்திருந்து, நாளைக்கு இன்னொரு வண்டியை இன்னும் மோசமாகக் கவிழ்த்தால்? அதில் நிலா இருந்தால்? இரக்கப்பட்டுத்தான் என் மனசு எனக்கு இப்படிக் காட்டுகிறதோ என்றும் சந்தேகப்பட்டேன். முதல் நினைவே ஏமாற்றியிருக்கிறது, இரண்டாவதை மட்டும் எப்படி நம்புவது?

திங்கட்கிழமை தாளாளர் அறையில் வாக்குமூலம் டைப் செய்து தயாராக இருந்தது. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. முத்துலட்சுமியும் இன்னும் சில பெற்றோரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் பேனாவை நீட்டினார்.

“ஐயா, இதுல நான் கையெழுத்துப் போட முடியாது” என்றேன். “அவர் போன் பேசினதைப் பாத்தேன். அது வண்டி சாஞ்சதுக்கு அப்புறம். அதுக்கு முன்னால அவர் பேசினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் அவருக்குப் பின்னால இருந்தேன்.”

முத்துலட்சுமிதான் முதலில் எழுந்தார்.

“என்ன டீச்சர் பேசுதீய? அன்னைக்கு ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சுக்கிட்டு நீங்கதான சொன்னீய, பாத்தேன்னு? கண்ணு முன்னால நிக்குன்னு சொன்னீயளா இல்லையா?”

“சொன்னேம்மா. இப்பமும் நிக்கு. அது நான் முன்னால இருந்து பாத்தது. ஓட்டும்போது நான் அவருக்கு முன்னால இல்ல.”

“முன்னாலயாம் பின்னாலயாம்! எம் புள்ள கை ஒடிஞ்சு கெடக்கா, நீங்க தெசை சொல்லிக்கிட்டு இருக்கீய.”

ஒரு அப்பா, “காசு கைமாறியிருக்கும்” என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சரி டீச்சர். ஓட்டும்போது அவரைப் பாக்கலை. அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? உங்களை எதுக்கு அந்த வண்டியில ஏத்தி அனுப்புதோம்?”

“ஒரு பையன் வாந்தி எடுத்தான். குனிஞ்சு அவன் தலையைப் பிடிச்சிருந்தேன்.”

“அதை ஏன் மொதல்லயே சொல்லலை?”

“அது எனக்கு ஞாபகத்துல இல்லைங்க.”

“வாந்தி ஞாபகம் இல்ல, போன் மட்டும் இருந்துச்சாக்கும்” என்றார் முத்துலட்சுமி. சரியான கேள்விதான்.

“நான் சொன்னதைக் கேட்டுத்தான் பிள்ளைகளும் சொல்றாங்க” என்றும் சொன்னேன். “என் மகளும் அப்படித்தான் சொல்றா. அவ என் மடியில இருந்தா. அவளால பாத்திருக்க முடியாது.” இதைச் சொல்லும்போது அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையைப் பொய்க்காரி என்று நான் சொல்வதாக நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்று விளக்கப் பார்த்தேன்.

தாளாளர் அந்தத் தாளை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். புகார் போகவில்லை. வேகமாகப் போனதற்கு மாடசாமி அண்ணாச்சிக்கு ஒரு எச்சரிக்கை, எனக்கு ஒரு மெமோ. அந்த வழியில் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை ஆட்டோவுக்கு மாற்றிவிட்டன. பவித்ராவின் குடும்பம் அதில் ஒன்று. முத்துலட்சுமி கடைவீதியில் என்னைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கை ஒடிந்த பிள்ளைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை நானே கொடுத்துவிட்டு நானே பிடுங்கிக்கொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் டியூட்டியிலும் ஒருநாள் ஏதாவது நடக்கும். நடக்கக் கூடாது, ஆனாலும் நடக்கும். அப்போது எல்லோரும் உங்களைச் சுற்றி நின்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லும்முன் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். ரொம்பத் துலக்கமாகத் தெரிகிறதே, அதனால் அது நடந்ததுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் குறுக்கே வந்தது செம்மறியா வெள்ளாடா என்று இப்போது யாராவது கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவர் முகம் மட்டும், வெயிலோடு, பொத்தானோடு, வண்டி இறங்குவதற்கு முந்தைய நொடியில் இன்னும் அப்படியே தெரிகிறது. தப்பு என்று தெரிந்த பிறகும் அது நகர்ந்து போகவில்லை.

மாடசாமி அண்ணாச்சி திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள், பிள்ளைகளை ஏற்றுவதற்குக் காலையில் காலி வேன் கிளம்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நிலாவை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வேண்டுமென்றேதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் சாவியைப் போட்டார், திருகவில்லை. திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

“டீச்சர், எனக்காவத்தான பொய் சொன்னீய?”

“இல்ல அண்ணாச்சி.”

“நான்தான் உங்ககிட்ட வாய் விட்டுச் சொன்னேனே, பேசுன மாதிரிதான் இருக்குன்னு. அதுக்கப்புறமும் பாக்கலன்னு சொன்னீயள்லா. எம் பொண்டாட்டி உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதா.”

“கும்பிட வேண்டாம்னு சொல்லுங்க. நான் உங்களைக் காப்பாத்தல. எனக்குத் தெரியாது, அதான் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அப்பம் நான் பேசுனேனா இல்லையா?”

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியலயே” என்றார். அவர் காதும் பிடரியும்தான் எனக்குத் தெரிந்தன. அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. “அப்பம் யாருகிட்டத்தான் போயிக் கேக்க?”

மைதானத்தில் மற்ற வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

“வண்டிய எடுக்கட்டுமா டீச்சர்?”

திருவேங்கடத்தில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“எடுங்க அண்ணாச்சி” என்றேன்.